தங்கவயல் மண்ணிலிருந்து டெல்லி மேல்-சபைக்கு: கே.சி.ரெட்டியின் வாழ்க்கை

1902-ம் ஆண்டு கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்த ஆண்டு. சிவசமுத்திரத்தில் காவிரி நீர் விழும் இடத்தில் தயாரான மின்சாரம், 92 மைல் தூரம் கம்பி வழியே ஓடி வந்து, அந்த ஜூன் மாதக் கடைசியில் சுரங்க இயந்திரங்களைச் சுழல வைத்தது. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு, மே 4-ந் தேதி, பங்காருப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்த கியாசம்பள்ளி என்ற கிராமத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்குச் செங்கல்ராய ரெட்டி என்று பெயர் வைத்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் புதிது அல்ல. செங்கல்வராயன் என்றால் திருத்தணி முருகன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றோடு ஒன்று கலந்து ஓடுகிற எல்லைப்புறம் அல்லவா இது! சாமி பெயரும் மொழிக்கு மொழி கொஞ்சம் உருமாறிக்கொண்டு வந்து சேரும்.

அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் கே.சி.ரெட்டி என்ற பெயரில் மைசூர் ராஜ்யத்தின் முதல் முதல்-மந்திரி ஆனார். டெல்லி மேல்-சபை 1952-ல் பிறந்தபோது மைசூருக்குக் கிடைத்த 6 இடங்களில் ஒன்றில் அமர்ந்தார். நேருவின் மந்திரிசபையில் இலாகா வகித்தார். மத்தியப் பிரதேசத்தின் கவர்னராகவும் இருந்தார்.

தங்கவயலில் இன்று அவர் பெயரைச் சொன்னால், வயதானவர்களுக்கு மட்டுமே ஞாபகம் வருகிறது. சுரங்கத்தின் தலையெழுத்து லண்டனிலிருந்து பெங்களூருக்கும், பெங்களூரிலிருந்து டெல்லிக்கும் கை மாறிய காலத்தில், டெல்லியின் பெரிய நாற்காலிகளில் ஒன்றில் நம் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்து இருந்தார் என்பதை இளைஞர்கள் பலர் அறிய மாட்டார்கள்.

ராஜா நியமிக்கும் மூன்று பேர்

ரெட்டி சட்டம் படித்தவர். அவர் பொதுவாழ்வுக்கு வந்த காலத்தில் மைசூர் சமஸ்தானத்தில் மக்கள் பிரதிநிதிகள் சபை இருந்தது. 1881-லேயே தொடங்கிய சபை அது. 1907-ல் சட்டசபை ஒன்றும் ஏற்பட்டது. இந்திய சமஸ்தானங்களில் மைசூர்தான் முன்மாதிரி என்று வெள்ளைக்காரரும் மெச்சினார்கள். ஆனால் அந்தச் சபைகள் கேள்வி கேட்கலாம், குறை சொல்லலாம். திவானை நீக்க முடியாது. திவான் பதில் சொல்ல வேண்டியது மகாராஜாவுக்கு.

டெல்லியில் அப்போதும் ஒரு மேல்-சபை இருந்தது. அதில் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத்தான் இடம். சமஸ்தானத்து ஜனங்களுக்கு ஒரு நாற்காலி கூடக் கிடையாது. 1935-ம் ஆண்டுச் சட்டம் புதிய கூட்டாட்சி ஒன்றுக்குத் திட்டம் போட்டது. அதன் மேல்-சபையில் சமஸ்தானங்களுக்கு 104 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஐதராபாத்துக்கு 5, மைசூருக்கு 3. ஆனால் அந்த மூன்று பேரையும் தேர்ந்து எடுப்பது ஜனங்கள் அல்ல, நியமிப்பது மகாராஜா! அந்தக் கூட்டாட்சி கடைசிவரை நடைமுறைக்கு வரவே இல்லை. வந்திருந்தால் மைசூரின் பிரதிநிதிகள் என்ற பெயரில் அரண்மனை ஆட்களே டெல்லிக்கு ரெயில் ஏறி இருப்பார்கள்.

ரெட்டியின் போராட்டம் என்ன என்று ஒரு வரியில் சொல்வதானால், இந்த நியமனத்துக்கு எதிரான போராட்டம் என்று சொல்லி விடலாம். ஆட்சி, ஜனங்கள் அனுப்பிய சபைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். இந்தப் பொறுப்பாட்சிக் கோரிக்கையைச் சுற்றியே அவருடைய முதல் இருபது வருட அரசியல் சுழன்றது.

அவர் முதலில் காங்கிரஸ்காரர் அல்ல. பிரஜா பட்சம் என்ற கட்சியை நடத்தினார். குடியானவர்களின் குறைகளை எடுத்துச் சொல்லும் கட்சி அது. பிராமணர் அல்லாதாரின் பழைய அமைப்பான பிரஜா மித்ர மண்டலியும் அதுவும் ஒன்றாகி, பிரஜா சம்யுக்த பட்சம் உண்டாயிற்று. 1937 அக்டோபரில் அந்தக் கட்சி காங்கிரசில் கலந்தது. அதுவரை பட்டணத்துப் படித்தவர்களின் கட்சியாக இருந்த மைசூர் காங்கிரசுக்கு, அந்த இணைப்பால்தான் கிராமங்களில் வேர் கிடைத்தது. ரெட்டி மைசூர் காங்கிரசின் தலைவர் ஆனார்.

அடுத்த வருடமே கோலார் ஜில்லா ரத்தம் சிந்தியது. 1938 ஏப்ரல் 25-ந் தேதி கவுரிபிதனூர் தாலுகா விதுராசுவத்தத்தில், தடையை மீறிக் கூடிய கூட்டத்தின் மேல் போலீசார் சுட்டனர். செத்தவர் 10 பேர் என்று சர்க்கார் கணக்கு சொன்னது. முப்பதுக்கும் மேல் என்று ஊர் சொன்னது. பிறகு சர்தார் படேல் மைசூர் வந்து திவான் மிர்சா இஸ்மாயிலோடு பேசி, ஓர் உடன்பாடு கண்டார். காங்கிரசுக்கு இருந்த தடை நீங்கியது. பொறுப்பாட்சி மட்டும் வரவில்லை.

சுரங்கத்தின் தனி வழி

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரெட்டியின் அரசியலும் தங்கவயல் தொழிலாளியின் அரசியலும் ஒரே ஜில்லாவில் பிறந்தவை என்றாலும் ஒரே பாதையில் நடந்தவை அல்ல.

ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் காலூன்றியது முதல் சுரங்கம் ஒரு தனி உலகம். மைசூர் சுரங்கம், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று நான்கு பெரிய சுரங்கங்கள். பவுரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பம்வரை அதற்கென்றே போடப்பட்ட ரெயில் பாதை. வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட தமிழ் மக்களே தொழிலாளரில் பெரும்பான்மை. மூங்கில் தட்டி வைத்த லயன்களில் குடியிருந்தார்கள். வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் கைரேகை பதிய வேண்டும் என்று வந்த உத்தரவை எதிர்த்து 1930-ல் ஆயிரக்கணக்கானோர் வேலை நிறுத்தம் செய்தனர். 1946-ல் மீண்டும் பெரும் போராட்டம். அந்த நவம்பரில் தொழிலாளர் உயிர்கள் பலியாயின.

கிராமத்துக் குடியானவனுக்குக் கவலை கந்தாயமும் ஏரியும். சுரங்கத் தொழிலாளிக்குக் கவலை பாறை வெடிப்பும், கூலியும், நெஞ்சில் படியும் தூசியும். முன்னவன் காங்கிரசுக்குப் போனான். பின்னவன் கம்யூனிஸ்டு சங்கத்துக்கும் டாக்டர் அம்பேத்காரின் ஷெட்யூல்டு வகுப்பார் சம்மேளனத்துக்கும் போனான். கியாசம்பள்ளிக்கும் சாம்பியன் ரீபுக்கும் தூரம் அதிகம் இல்லை. அரசியலில் இருந்த தூரம் கொஞ்சம் அல்ல.

மைசூர் சலோ

1947 ஆகஸ்டு 9-ந் தேதி மகாராஜா ஜெயசாமராஜ உடையார் இந்திய யூனியனில் சேருவதற்குக் கையெழுத்து இட்டார். ஆகஸ்டு 15-ல் நாடெங்கும் கொடி ஏறியது. மைசூரிலோ திவான் ஆட்சி அப்படியே இருந்தது. திவான் வேறு யாரும் அல்ல, ஆற்காடு ராமசாமி முதலியார். ஐ.நா. சபையில் இந்தியாவுக்காகப் பேசிப் பெயர் வாங்கிய தமிழர்! அவரை எதிர்த்து நின்றவர் தங்கவயல் பக்கத்து ரெட்டி. அறிவிலும் வாதத் திறமையிலும் முதலியாருக்கு நிகரானவர் அன்று மைசூரில் குறைவு. ஆனால் ஜனங்கள் ரெட்டியின் பக்கம் இருந்தனர்.

மைசூர் காங்கிரசின் தலைவராக மீண்டும் இருந்த ரெட்டி, செப்டம்பர் முதல் நாள் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். மைசூர் சலோ என்பது அதன் கோஷம். மைசூருக்கு நடப்போம், அரண்மனை வாசலில் கேட்போம் என்று பொருள். தலைவர்கள் கைது ஆனார்கள். ரெட்டியும் சிறைக்குள் போனார். மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியே வந்தார்கள். ஆலைகள் நின்றன. நாற்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு அரண்மனை இறங்கி வந்தது. 1947 அக்டோபர் 25-ந் தேதி கே.சி.ரெட்டி முதல்-மந்திரியாகப் பதவி ஏற்றார். வயது 45.

அவருடைய மந்திரிசபையில் தொழிற்சங்கத் தலைவர் கே.டி.பாஷ்யத்துக்குச் சட்டமும் தொழிலாளர் நலமும் கிடைத்தன. பெங்களூர் கண்டோன்மெண்டும் அந்த ஜூலையில்தான் வெள்ளையரிடமிருந்து மைசூர் வசம் திரும்பி இருந்தது. அங்கிருந்த பல்லாயிரம் தமிழர்கள் ஒரே நாளில் மைசூர் பிரஜைகள் ஆனார்கள். ஆக, கண்டோன்மெண்ட் தமிழர்களுக்கும் தங்கவயல் தமிழர்களுக்கும் சேர்த்து முதல் முதல்-மந்திரி அவரே.

அவர் ஆட்சி செய்த நாலரை வருடத்தில் மைசூர் உருமாறியது. சமஸ்தானத்துக்கென்று தனி அரசியல் சட்டம் வேண்டாம், இந்திய அரசியல் சட்டமே போதும் என்று 1949 நவம்பரில் முடிவாயிற்று. 1950 ஜனவரி 26 முதல் மகாராஜா ராஜப்பிரமுகர் ஆனார். அந்த ஏப்ரலில் நிதி இணைப்பு வந்தது. அடுத்த வருடம் மைசூர் ஸ்டேட் ரெயில்வே, எம். அண்டு எஸ்.எம்., எஸ்.ஐ.ஆர். மூன்றும் சேர்ந்து தென்னக ரெயில்வே பிறந்தது. சமஸ்தானத்தின் கையில் இருந்தவை ஒவ்வொன்றாக டெல்லிக்குப் போயின. போனதற்கு ஈடாக, டெல்லியில் பேசுவதற்கு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியின் மதிப்பை ரெட்டி அறிந்தவர். அரசியல் நிர்ணய சபைக்கு மைசூர் அனுப்பிய 7 பேரில் அவரும் ஒருவர் அல்லவா!

தங்கவயலின் இரண்டு ஓட்டு

1952-ம் ஆண்டு பொதுத் தேர்தலில் மைசூரில் காங்கிரஸ் 99 இடங்களில் 74-ஐப் பிடித்தது. ஆனால் முதல்-மந்திரி பதவி கெங்கல் அனுமந்தையாவுக்குப் போயிற்று. கட்சிக்குள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊர் அறிந்தது. மார்ச் 30-ந் தேதி ரெட்டி பொறுப்பை ஒப்படைத்தார்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 3-ந் தேதி, டெல்லியில் புதிய மேல்-சபை அமைக்கப்பட்டது. அப்போது அதற்கு ராஜ்ய சபை என்ற பெயர் கூட வரவில்லை. அந்தப் பெயர் 1954 ஆகஸ்டில் வந்தது. மொத்தம் 216 உறுப்பினர்கள். 12 பேர் ஜனாதிபதி நியமித்தவர்கள், மற்றவர்கள் ராஜ்யங்களின் பிரதிநிதிகள். மைசூருக்கு 6 இடம். பக்கத்துக் குடகு சின்ன ராஜ்யம் என்பதால், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஆஜ்மீரோடு ஒரே நாற்காலியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டி இருந்தது! ஒரு தடவை அவர்கள், ஒரு தடவை இவர்கள்.

மேல்-சபை எம்.பி.யை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்து எடுப்பது இல்லை. சட்டசபை உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தவர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். மைசூரில் 99 பேர் சேர்ந்து 6 பேரை அனுப்ப வேண்டும் என்றால், ஒருவர் வெற்றி பெறச் சுமார் 15 பேரின் ஆதரவு போதும். இந்த முறையால் சிறிய கட்சிகளுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு, அவை ஒன்று சேர்ந்தால்.

அந்தச் சட்டசபையில் தங்கவயலின் பங்கு இரண்டு ஓட்டு. அப்போது தங்கவயல் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒருவர் கம்யூனிஸ்டு தலைவர் கே.எஸ்.வாசன். மற்றவர் ஷெட்யூல்டு வகுப்பார் சம்மேளனத்தைச் சேர்ந்த பி.எம்.சுவாமிதுரை. 99 பேர் கொண்ட சபையில் ஒரே ஒரு கம்யூனிஸ்டுதான் இருந்தார். அவரை அனுப்பியது தங்கவயல்! அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பதினைந்து ஓட்டு தேவைப்படும் இடத்தில் இரண்டு ஓட்டு எந்த மூலைக்கு? பாறைக்கு அடியில் பாடுபட்ட தொழிலாளியின் குரல் டெல்லி மேல்-சபைக்குச் சொந்தக் காலில் நடந்து போக முடியவில்லை. காங்கிரசின் 74 பேர் பலத்தோடு போனவர், அதே மண்ணில் பிறந்த ரெட்டி.

உற்பத்தி மந்திரி

1952 மே மாதம் நேரு தம் மந்திரிசபையில் ரெட்டியைச் சேர்த்துக்கொண்டார். உற்பத்தி இலாகா அவருக்குத் தரப்பட்டது. சர்க்காரே முதல் போட்டு நடத்தும் ஆலைகளைக் கவனிப்பதற்காக உண்டான புது இலாகா அது.

மந்திரியாக இருப்பவர் இரண்டு சபையிலும் பேசலாம், ஆனால் தாம் உறுப்பினராக உள்ள சபையில் மட்டுமே ஓட்டுப் போடலாம். எனவே ரெட்டி கீழ்-சபையில் கேள்விகளுக்குப் பதில் சொல்வார், ஓட்டெடுப்பு வந்தால் பார்த்துக்கொண்டு இருப்பார். 1957 வரை இப்படி நடந்தது.

சிந்திரி உரத் தொழிற்சாலை, பிம்பிரி பெனிசிலின் தொழிற்சாலை போன்றவை அவர் மேற்பார்வையில் வளர்ந்தன. நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர் எச்.எம்.டி. சுவிட்சர்லாந்து ஆர்லிகான் கம்பெனியின் துணையோடு பெங்களூர் ஜாலஹள்ளியில் 1953-ல் அமைந்த அந்த இயந்திரக் கருவித் தொழிற்சாலையும் ரெட்டியின் இலாகாவைச் சேர்ந்ததே. பின்னாளில் பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து, குடும்பத்தைச் சுரங்கத்திலிருந்து மேலே தூக்கிவிட்ட தங்கவயல் பிள்ளைகள் பலர். அந்தக் கதையின் முதல் ஏட்டில் ரெட்டியின் கையெழுத்தும் இருக்கிறது.

மேல்-சபையின் முதல் துணைத் தலைவர் பதவியும் மைசூருக்கே வந்தது. எஸ்.வி.கிருஷ்ணமூர்த்தி ராவ் 1952 முதல் 1962 வரை அதில் இருந்தார். அவரை அடுத்து வந்த வயலட் ஆல்வாவும் மைசூர் உறுப்பினரே. 1969 வரை அவர் அந்த நாற்காலியை வகித்தார். ஆக, முதல் பதினேழு வருடம் துணைத் தலைவர் நாற்காலி மைசூரை விட்டு அகலவே இல்லை.

1956 நவம்பர்

அந்த மாதத்தைத் தங்கவயல் மறக்கக் கூடாது. நவம்பர் முதல் தேதி மொழிவழி ராஜ்யங்கள் உதயமாயின. பழைய மைசூரோடு குடகு, பம்பாய் கர்நாடகம், ஐதராபாத் கர்நாடகம், சென்னை ராஜ்யத்தின் தென் கன்னடம், கொள்ளேகால் எல்லாம் சேர்ந்தன. மேல்-சபையில் 6 இடம் 12 ஆயிற்று. 1973-ல் ராஜ்யத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறியபோதும் எண்ணிக்கை மாறவில்லை. இன்றைக்கும் அதே 12.

அதே மாதக் கடைசியில் மைசூர் சர்க்கார் தங்கச் சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. நிஜலிங்கப்பா அப்போது முதல்-மந்திரி. எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் நீடித்த ஜான் டெய்லர் ராஜ்யம் முடிந்தது. தொழிற்சங்கங்கள் பல வருடம் கேட்ட தேசியமயம் நிறைவேறியது. தொழிலாளர் பட்டாசு கொளுத்த நியாயம் இருந்தது.

ஆனால் மேட்டு நிலத்துக் கிணறு போல, சுரங்கம் ஆழம் போகப் போகச் செலவு கூடியது. சாம்பியன் ரீப் பூமிக்கடியில் 3 கிலோ மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டது. உள்ளே அனல் காற்று. எடுத்த தங்கத்தை மத்திய சர்க்கார் உலக விலைக்குத்தான் வாங்கியது. கடைவீதியில் நகை வாங்கப் போனால் விலை அதைவிட எவ்வளவோ அதிகம். தங்கம் தோண்டுகிறவன் நஷ்டக் கணக்கில், தங்கம் விற்கிறவன் லாபக் கணக்கில்! இந்தக் கணக்கைத் தீர்க்கும் இடம் பெங்களூர் அல்ல, டெல்லி. 1962 டிசம்பர் முதல் சுரங்கமே மத்திய நிதி இலாகாவின் கைக்குப் போய்விட்டது.

அப்போது ரெட்டி எங்கே இருந்தார்? 1957 தேர்தலில் அவர் மேல்-சபையை விட்டுக் கோலார் தொகுதியில் நின்று, ஜனங்கள் நேரடியாக அனுப்பிய எம்.பி.யாகக் கீழ்-சபைக்குப் போனார். அதே வருடம் சட்டசபைக்குத் தங்கவயல் மறுபடியும் எதிர்க்கட்சியினரான எம்.சி.நரசிம்மனையும் சி.எம்.ஆறுமுகத்தையும் அனுப்பியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1957 முதல் 1961 வரை ரெட்டிக்கு மராமத்து, வீட்டு வசதி, சப்ளை இலாகா. அதன்பின் 1963 ஜூலை வரை வர்த்தகம், தொழில் இலாகா. சுரங்கம் டெல்லியின் கைக்குப் போன நாளில் அவர் மந்திரி. 1963 ஜனவரியில் நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்த நாளிலும் அவர் மந்திரி.

இந்த இடத்தில்தான் தங்கவயல்காரர்களின் மனக்குறை ஆரம்பிக்கிறது. வீட்டு வசதி இலாகா நம் ஜில்லாக்காரர் கையில் இருந்த வருடங்களிலும் லயன் வீட்டில் ஒற்றை அறையில் ஏழு எட்டுப் பேர் படுத்தார்கள். தொழில் இலாகா அவர் கையில் இருந்தபோதும், சுரங்கத்துக்கு மாற்றாக ஓர் ஆலை இங்கே எழும்பவில்லை. பெமல் தொழிற்சாலை ஏற்பட்டது 1964-ல். அது பாதுகாப்பு இலாகாவைச் சேர்ந்தது. ரெட்டி அப்போது மந்திரிசபையிலேயே இல்லை.

குறை நியாயமானதுதான். ஆனால் பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. சுரங்கம் அவர் இலாகாவில் ஒரு நாளும் இல்லை. முதலில் ராஜ்ய சர்க்காரிடம் இருந்தது, பிறகு நிதி இலாகாவுக்குப் போனது. அவர் சாதித்தது வேறு. மகாராஜா நியமிக்க இருந்த நாற்காலியை, மக்கள் அனுப்பிய சபை நிரப்பும்படி செய்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து தங்கவயலுக்காக மேசையைத் தட்டியிருக்க வேண்டியவர், தங்கவயல் தன் ஓட்டால் அனுப்பிய ஒருவர். அப்படி ஒருவரை மேல்-சபைக்கு அனுப்பும் பலம் தங்கவயலுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்கவில்லை.

ரெட்டி காலத்தில் ஒரு விதி இருந்தது. எந்த ராஜ்யத்தின் பெயரால் மேல்-சபைக்குப் போகிறாரோ, அந்த ராஜ்யத்தின் வாக்காளராக அவர் இருக்க வேண்டும். 2003-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இந்தியாவில் எங்கே வாக்காளராக இருந்தாலும் போதும் என்று ஆக்கியது. 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்று தீர்ப்பு அளித்தது. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் 2016-லும் 2022-லும் கர்நாடகத்திலிருந்து மேல்-சபைக்குப் போனார். அதே கர்நாடகத்தின் தேவேகவுடா, 1996-ல் பிரதமரான பிறகு பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது மேல்-சபை வழியாகத்தான். தமிழர் ஒருவர் கர்நாடகத்தின் பெயரால் போவது நமக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் ஊர் எல்லையைக் காட்டி, இவர் எங்கள் பக்கத்துக் கிராமம் என்று சொல்ல முடிந்த உறவு ரெட்டியிடம் இருந்தது.

போபால் மாளிகை

1965 பிப்ரவரியில் ரெட்டி மத்தியப் பிரதேச கவர்னராகப் போபால் சென்றார். ஓய்வுக்கான பதவி என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1967 ஜூலையில் அங்கே காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் 36 பேர் கட்சி மாறினார்கள். டி.பி.மிஸ்ரா மந்திரிசபை கவிழ்ந்தது. கட்சி மாறியவர்களின் தலைவர் கோவிந்த நாராயண சிங் முதல-மந்திரி ஆனார். பின்னர் 1969 மார்ச்சில் ஒரு மந்திரிசபை இரண்டே வாரத்தில் முடிந்தது. ஒரு காலத்தில் திவானிடம் மெஜாரிட்டி பலத்தை மதிக்கக் கேட்டுச் சிறை சென்றவர், இப்போது கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் ஒரு பக்கம் மாலையில் மறு பக்கம் என்று தாவும் மெஜாரிட்டியை எண்ணிக்கொண்டு இருந்தார். காலத்தின் கூத்து!

1971 மார்ச்சில் அந்தப் பொறுப்பும் முடிந்தது. அடுத்த வருடம் தங்கச் சுரங்கம் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரில் மத்திய சர்க்கார் கம்பெனி ஆனது. மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக, விடியற்காலை ரெயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகியது.

கே.சி.ரெட்டி 1976 பிப்ரவரி 27-ந் தேதி காலமானார். வயது 73. நாட்டில் அவசர நிலை அமலில் இருந்த நேரம். பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் எதிர்க்கட்சி வரிசைகள் பாதி காலியாகக் கிடந்தன. அதற்குச் சரியாக 25 வருடமும் ஒரு நாளும் கழித்து, 2001 பிப்ரவரி 28-ந் தேதி, டெல்லி எடுத்த முடிவின்படி தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது.